நான்காம் பத்தியில் ஒரு பிழை

மார்ச் 3

இல்லை சித்தப்பா, அப்பா சொல்லி நான் இதை எழுதவில்லை. அவருக்குத் தெரியாது. உறையைப் பிரித்ததும் நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள். அதனால் நலம் விசாரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இனி நலம். முழங்கால் எப்படி இருக்கிறது? சித்தியின் இருமல் குறைந்ததா? தொலைபேசியில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று சித்தி சொன்னார். எனக்கும் கடிதம்தான் வசதி. பேசும்போது திருத்த முடிவதில்லை.

விஷயம் இது. அப்பாவின் ஓட்டக் கிளப்பில் புதிதாக ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். செங்கல் நிறம், மிதித்தால் ரப்பர் போல அமுங்குகிறது. நவம்பரில் திறப்பு. அதற்கு அப்பாவின் பெயரை வைக்கிறார்கள். போர்முனையில் நான்கு வருடம், வங்கியில் முப்பத்து நான்கு வருடம், எண்பத்திரண்டு வயதில் இன்னும் காலையில் ஆறு சுற்று. வேறு யார் பெயரை வைப்பார்கள்? கூடவே அவர் வாழ்க்கையைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம். "அச்சகத்துல பிழை திருத்துறவங்கதானே, நீங்களே எழுதிடுங்க மேடம்" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார்.

போரை எழுதிவிட்டேன். வங்கியையும். அங்கே அவருக்குக் 'கொம்பு சார்' என்று பெயர், தெரியுமா? கையெழுத்துச் சரிபார்க்கும் மேசையில் இருந்தபோது, ஒரு கொம்பு சற்று வளைந்திருந்தாலும் காசோலையைத் திருப்பிவிடுவாராம். "நீங்க நீங்கதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இது நீங்க இல்லை" என்பாராம் வாடிக்கையாளரிடம்.

ஓட்டத்துக்குத்தான் தொடக்கம் கிடைக்கவில்லை. பள்ளியில் அரை மைல், வெறுங்கால், முதலிடம். அப்பாவிடம் மூன்று தடவை கேட்டேன். "ஓடினேன், ஜெயிச்சேன், பதக்கம் குடுத்தாங்க. இதுல எழுத என்னம்மா இருக்கு?" மூன்று தடவையும் அதே வரி, ஒரு சொல் மாறாமல்.

நீங்கள் அவருக்கு இரண்டு வயது இளையவர். அதே பள்ளி. அன்று மைதானத்தில் இருந்திருப்பீர்கள். பார்த்ததை எழுதுங்கள், போதும்.

மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விழுங்கிவிட்டதாகச் சொல்கிறீர்களாம். சித்தி கண்டுபிடித்துவிட்டார்.

குருவி


மார்ச் 19

குருவிக்கு,

முழங்கால் இருக்கிறது. இருப்பதை மறக்கவிடுவதில்லை. உன் சித்தி இருமுகிறாள், இருமுவதில்லை என்றும் சொல்கிறாள். மற்றபடி குறை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அண்ணன் பெயரில் பாதை என்று படித்ததும் இரண்டாம் முறை படித்தேன். நல்ல காரியம். அண்ணன் பட்டாளத்திலிருந்து மாதம் ஒரு கடிதம் போடுவார். பாதி வரிகளை அதிகாரிகள் மையால் அழித்திருப்பார்கள். மிச்சமிருப்பது "குளிர்", "பரவாயில்லை", "அம்மாவிடம் சொல்". தோளில் குண்டு பட்டதை எழுதவே இல்லை, தந்தி வந்துதான் தெரிந்தது. இதைப் போட்டுக்கொள். வங்கி வேலைக்கு முதல் நாள் போனபோது கழுத்துப் பட்டையைக் கட்டத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினார். இதையும் போட்டுக்கொள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பள்ளி ஓட்டத்தை மட்டும் விட்டுவிடு. யாருக்கும் சரியாக நினைவில்லாததை எழுதினால் புத்தகத்துக்குத்தான் கெட்ட பெயர்.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி. நாற்பது வருடம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவன் சொல்கிறேன்.

சித்தப்பா


மார்ச் 27

சித்தப்பாவுக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். நீங்கள் மாத்திரை விழுங்குங்கள்.

விடமுடியாது. செயலாளர் பள்ளியின் பழைய ஆண்டு மலரைத் தேடிப் பிடித்துவிட்டார். பட்டியலில் அப்பாவின் பெயர், அரை மைல், இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி. பதினோரு வருடம் யாரும் அதை முறியடிக்கவில்லையாம். எண் இருக்கிறது. ஓட்டம் இல்லை. எனக்கு ஓட்டம் வேண்டும்.

உங்கள் உறையை மேசையில் பார்த்துவிட்டார் அப்பா.

"அவன்கிட்ட எதுக்கு இதெல்லாம் கேக்கற?"

"பார்த்திருப்பார்னுதான்."

"அவனுக்கென்ன தெரியும்? அவன் பம்ப் ஹவுஸ்காரன். வால்வைத் திறக்கச் சொல்லு, திறப்பான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உங்களுக்கும் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன்.

புத்தகத்துக்கு வேண்டாம் என்றால் புத்தகத்துக்கு இல்லை. எனக்கு மட்டும் எழுதுங்கள். சித்திக்கு என் அன்பு. இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாரா என்று நேராகக் கேட்காதீர்கள், சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

குருவி


மே 10

குருவிக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பம்ப் ஹவுஸ்காரன் எழுத நேரமாகும். கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். இந்த அறுபத்து நான்கு வருடத்தில் வேறு யாரும் கேட்டதில்லை.

அன்று காலையில் மழை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அரை மணிகூட ஆகவில்லை, காயவில்லை. ஓடியவர்கள் எட்டுப் பேர். மருந்துக்கடைக்காரர் மகன் ஒருவனுக்குத்தான் ஷூ. கோட்டை மிதித்தவர்கள் காலெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியது. பெருவிரல் இடுக்கில் முந்தைய நாள் வெட்டு ஒன்று இருந்தது. அதில் சுண்ணாம்பு பட்டால் எப்படி எரியும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் சுற்றில் அண்ணன் ஐந்தாவது. அவசரப்படவில்லை. எரிகிற காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து ஊன்றினால் எரிச்சல் குறைகிறது என்று பாதிச் சுற்றில் பிடிபட்டது. அப்புறம் மூச்சு ஒரு கணக்கில் விழுந்தது. மூன்று அடிக்கு ஓர் இழுப்பு, இரண்டு அடிக்கு ஒரு விடுப்பு.

இரண்டாம் சுற்றில், கடைசி வளைவில், முன்னால் ஷூக்காரன் மட்டும். அவனுக்கு ஒரு பழக்கம், பின்னால் சத்தம் கேட்டால் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பான். பார்க்கும்போது உடம்பும் வலது பக்கம் ஒதுங்கும். வேண்டுமென்றே காலை அறைந்து மிதித்தால் பார்ப்பான் என்று தெரியும். மிதித்ததும் பார்த்தான். இடது பக்கம், கோட்டுக்கும் அவன் முழங்கைக்கும் நடுவில், ஓர் ஆள் அகலம்கூட இல்லை, புகுந்தேன். பிறகு முன்னால் யாருமில்லை. மைதானம் காலியாக இருந்தது. அப்படியொரு காலி.

அண்ணன் ஜெயித்தார். டிரில் மாஸ்டர் கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று.

உனக்கு மட்டும். தூக்கம் குறையாமல் பார்த்துக்கொள், அச்சு எழுத்து கண்ணைத் தின்னும்.

சித்தப்பா


மே 16

சித்தப்பாவுக்கு,

கண் நன்றாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஓட்டத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாம் முறை, பழக்க தோஷம், பென்சிலோடு. நான்காம் பத்தியில் ஒரு பிழை. 'புகுந்தேன்' என்று இருக்கிறது. 'புகுந்தார்' என்று இருக்க வேண்டும்.

எழுதியவர் சொன்னால்தான் நாங்கள் திருத்துவோம். அச்சகத்து விதி. திருத்தவா?

இன்னொன்று. கோட்டோரம் நின்று பார்த்தவருக்கு மூன்று அடிக்கு ஓர் இழுப்பு எப்படித் தெரியும்?

முழங்காலுக்குச் சூடு வைக்கிறீர்களா?

குருவி


ஜூன் 28

குருவிக்கு,

பிழைதான். 'புகுந்தார்' என்று திருத்திக்கொள். கிழவன் கை.

நலம்.

சித்தப்பா


ஜூலை 3

குருவிக் கண்ணுக்கு சித்தி எழுதுவது. நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது, கோணல்மாணலாக இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

என் இருமல் போய்விட்டது. இவருக்குத்தான் உடம்பு சரியில்லை. மருத்துவரிடம் காட்டுகிற மாதிரி ஒன்றுமில்லை. உன் மே மாதக் கடிதம் வந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "என்னங்க?" என்றால் "ஒன்னுமில்லை". "ஒன்னுமில்லாததுக்கு ஏன் சுவரை இப்படிப் பார்க்கறீங்க, அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. ஒரு கார்டில் இரண்டு வரி எழுத ஆறு வாரம். கிழித்த காகிதம் எட்டு, நான் எண்ணினேன்.

அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்.

உன் சித்தப்பா உன் அப்பாவுக்குத் தம்பி இல்லை. அண்ணன். இரண்டு வயது மூத்தவர். ஓடினது இவர். பதக்கத்தில் இருக்கிற பெயரும் இவருடையது. உன் அப்பா பதினாறு வயதில் இவருடைய பள்ளிச் சான்றிதழைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பட்டாளத்துக்குப் போய்விட்டார். பதினெட்டு ஆனால்தான் சேர்ப்பார்களாம். சான்றிதழோடு பெயர் போயிற்று. வயது போயிற்று. அதன் பின்பக்கம் டிரில் மாஸ்டர் எழுதின ஓட்டமும் போயிற்று. மிச்சம் கிடந்தது தம்பியுடைய ஒன்பதாம் வகுப்புக் காகிதம். அதை வைத்துக்கொண்டு என்ன வேலை கிடைக்கும்? வால்வு.

எனக்கே கல்யாணமாகி ஆறாம் வருஷம்தான் சொன்னார். நீ என்னைச் 'சித்தி' என்று கூப்பிட ஆரம்பித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. நான் உனக்குப் பெரியம்மா. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை. நீ உடம்பைக் கவனி.

சித்தி


ஜூலை 11

பெரியப்பாவுக்கு,

எழுதிப் பார்த்தேன். கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு வந்தது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை. எப்படி இருக்கிறது?

நீங்கள் அப்பாவைவிட மூத்தவராகத் தெரிகிறீர்களே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "உழைச்சு உழைச்சுக் கிழடு தட்டிட்டான்" என்று பதில் வரும். நானும் நம்பினேன். பம்ப் ஹவுஸ் ஈரம் ஆளைச் சீக்கிரம் கிழவனாக்கிவிடும் என்று பள்ளியில் ஒரு தோழியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அப்பாவிடம் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். அவர் ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார்.

"அவன்தான் குடுத்தான்" என்றார். "போடா, நீ போயிட்டு வான்னான்."

"எப்போ குடுத்தார்?"

"அப்போதான்."

"நீங்க போகும்போது அவர் வீட்டுல இருந்தாரா?"

நாடாவை முழுக்க உருவி மறுபடி முதல் துளையிலிருந்து கோத்தார்.

"பதினாறு வயசும்மா எனக்கு."

"அப்போ இப்போ எண்பத்திரண்டு இல்லையா?"

"எண்பது."

அவர் எனக்குச் சொன்ன முதல் சரியான எண் அதுவாக இருக்கலாம். போன வருடம் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பிரிவில் கோப்பை வாங்கினார். அப்போது எழுபத்தொன்பது. இரண்டாவதாக வந்த தையல்காரர் பன்னிரண்டு வருடமாக இரண்டாவதாக வருகிறவர். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தது நான்.

ஒரு தப்புச் செய்தேன். நீங்கள் எனக்கு மட்டும் என்று எழுதிய ஓட்டத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து அப்பாவின் பெயரிலிருந்து வந்தது. அதாவது உங்கள் பெயரிலிருந்து. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த எழுத்தில் பேனா நிற்கிறது. இவ்வளவு வருடம் யாருடைய மகளாகக் கையெழுத்துப் போட்டேன்?

நீங்கள் ஏன் திருப்பிக் கேட்கவில்லை?

குருவி


ஜூலை 30

குருவிக்கு,

உடம்பு தேவலை. நேற்று கடைத்தெரு வரை நடந்தேன். உன் சித்தி தானாக வந்து ஒப்புக்கொண்டாள், முகத்தில் வெற்றி தெரிந்தது.

கேட்டேன். கேட்காமல் இருப்பேனா?

அவன் போனது ஒரு திங்கட்கிழமை. அடுத்த வாரம் எனக்கு மாகாண அணிக்கான தேர்வு. சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் சட்டைகள் மட்டும் மடித்தபடி இருந்தன. ஒன்பதாம் நாள் முகாமிலிருந்து கடிதம். "யாரிடமும் சொல்லாதே, சொன்னால் என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். சண்டை முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன்." தேர்வுக்குப் போகவில்லை. போய் என்ன பெயர் சொல்வது? அந்த வருடமே எங்கள் அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்தது. புது ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது. காகிதம் என்ன சொன்னதோ அதுவே நான்.

தந்தி வந்ததைச் சொன்னேன் அல்லவா. "போரில் காயம், நிலை கவலைக்கிடம்" என்று என் பெயர் போட்டிருந்தது. நான்தான் வாசலில் நின்று வாங்கினேன். அவன் பெயரில் கையெழுத்துப் போட்டேன். அம்மா என் பெயரைச் சொல்லி அழுதாள், நான் பக்கத்தில் நிற்க. அக்கம்பக்கத்தார் வந்து, "அண்ணனுக்கு ஒன்னும் ஆகாது, தைரியமா இரு" என்று என் முதுகைத் தட்டினார்கள். அன்று அவன் செத்திருந்தால் நான்தான் செத்தவன். இதையும் யோசித்துக்கொள். குண்டு நிஜம், தோள் அவனுடையது. அதை நான் மறுக்கவில்லை.

திரும்பி வந்தான். ஒரு மாதம் போகட்டும் என்றான். பிறகு, "வங்கிக்கு மனு போட்டிருக்கேன், வேலை நிலைக்கட்டும்" என்றான். நிலைத்தது. ஒருநாள் நேராகக் கேட்டேன். "இப்போ போய் என்னன்னு சொல்றது? நான் நான் இல்லைன்னா?" என்றான். அன்றோடு எனக்குக் கேட்கத் தோன்றாமல் போய்விட்டது.

என் கல்யாணத்துக்கு வங்கிக்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். வாசலில் வைத்து அவனை முதல் முறையாக 'அண்ணா' என்று கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன். அம்மாவுக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வரவில்லை. அதனால் வெளியாள் இருக்கும்போது எங்கள் இருவரையுமே கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இனிப் பெரியப்பா வேண்டாம். எண்பத்திரண்டு வயதில் பதவி உயர்வு எதற்கு? புத்தகத்தில் அந்த ஓட்டத்தை யார் பெயரிலும் எழுதாதே. பலகையில் வரப்போவது என் பெயர்தானே, நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அவனுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தப்பா


செப்டம்பர் 8

பொருள்: பள்ளி ஓட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்கிறேன்.

மேற்படி விஷயம் குறித்து என் மகள் இரண்டு மாதமாக என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். சின்னப் பெண்ணிடம் நீ இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டாய். அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

தீர யோசித்ததில் ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். திறப்பு விழாவில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம். அந்த ஓட்டம் என்னுடையது அல்ல என்பதை அப்போது நானே சொல்லிவிடுகிறேன். வயது, பெயர் முதலியவற்றைத் தொட வேண்டாம், அது பலருக்கும் சங்கடம். ஓட்டத்தை மட்டும். இது உனக்கு ஏற்புடையதாக இருக்கும் என நம்புகிறேன். முழங்காலோடு நீ இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன், அவள் எழுதியிருப்பாள். நன்றாக ஓடியிருக்கிறாய்.

அண்ணன்


செப்டம்பர் 19

தம்பிக்கு,

இப்படி எழுதி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நலம். உன் தோள் குளிருக்கு வலிக்கிறதா? கம்பளி போட்டுக்கொண்டு ஓடு.

ஓட்டம் போதும். வேறு எதுவும் வேண்டாம். பெயரை நீயே வைத்துக்கொள், எனக்கு இனி அது பொருந்தாது. சின்னக் குளறுபடிகூட இல்லாமல் சொல், உனக்கு மேடையில் நாக்கு ஒட்டும். இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி. எட்டு என்று சொல்லிவிடாதே.

வரவில்லை. வந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ஆனால் குருவியை உடனே எழுதச் சொல். நீ சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல். உன் அண்ணி அதைச் சட்டம் போட்டு மாட்டுவாளாம்.

அவளிடம் கோபிக்காதே. தட்டில் சாப்பாடு வைக்கிறாளே.

அண்ணன்


நவம்பர் 17

சொல்லவில்லை, பெரியப்பா.

நீங்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே இருப்பீர்கள் என்று பெரியம்மா எழுதியிருந்தார். அதனால் நலம் விசாரிக்காமல் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

நேற்று மாலை நாலரை மணிக்குத் திறப்பு. இருநூறு நாற்காலி, எல்லாம் நிறைந்திருந்தன. பலகையிலிருந்து துணியை விலக்கினார்கள். வங்கியிலிருந்து பழைய ஆட்கள், "கொம்பு சார், இந்தக் கையெழுத்து உங்களுதுதானான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று பலகையைக் காட்டிக் கேலி செய்தார்கள். அப்பா சிரித்தார். தையல்காரரும் வந்திருந்தார். புத்தகத்தில் பள்ளி நாட்களுக்கு இரண்டே வரி. நீங்கள் சொன்னபடி ஓட்டத்தை விட்டுவிட்டேன். அது அப்பாவின் வாயிலிருந்து வரட்டும் என்றும் இருந்தேன்.

அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டார். கையில் காகிதம் இல்லை.

"இன்னைக்கு ஒரு உண்மையைச் சொல்லணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

நான் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

நீங்கள் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

"அந்த அரை மைல் ஓட்டம். எல்லாரும் கேப்பாங்க, நான் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் காலைல மழை. கோட்டுல சுண்ணாம்பு காயல. என் பெருவிரல் இடுக்குல ஒரு வெட்டு."

எல்லாவற்றையும் சொன்னார். ஷூக்காரனை. வலது பக்கம் திரும்பும் பழக்கத்தை. மூன்று அடிக்கு ஓர் இழுப்பு, இரண்டு அடிக்கு ஒரு விடுப்பு. நான் இரண்டு தடவை படித்துக் காட்டியது ஒரு சொல் சிந்தாமல் அவரிடம் இருந்தது. "புகுந்தேன்" என்றபோது தோளைச் சாய்த்துக் காட்டினார், கூட்டம் கை தட்டியது. இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி. எட்டு என்று சொல்லவில்லை.

பிறகு இது. உங்கள் கடிதத்தில் இல்லாதது, அவரே சேர்த்தது.

"என் தம்பி கோட்டோரம் நின்னு, 'அண்ணா ஓடு, அண்ணா ஓடு'ன்னு தொண்டை கிழியக் கத்தினான். இன்னைக்கும் ஓடும்போது அந்தக் குரல்தான் எனக்குக் கேக்குது. அவன் இல்லைன்னா நான் இல்லை."

அழுதார். நிஜ அழுகைதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடக் கூடாது என்று.

"அப்பா."

"சொல்லணும்னுதாம்மா நின்னேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க."

தோழர்கள் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கையை விட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்பீர்கள், பெரியப்பா. தெரியும். உங்களைக் கேட்கவில்லை. முதலில் அந்தப் பெட்டியைத் திறந்தவரும் கேட்கவில்லை, அதனால் எனக்கு இது சுலபமாக வரவில்லை.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "என்ன மேடம், இவ்வளவு நல்ல கதை புத்தகத்துல இல்லையே? மறுபதிப்புல சேர்த்துடலாம். யார்கிட்டயாவது முழுசா எழுதி வாங்க முடியுமா?"

முடியும் என்றேன். கைப்பையிலிருந்து உங்கள் மே மாதக் கடிதத்தையும் ஜூலை மாதக் கடிதத்தையும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலியை இழுத்து, அவர் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

குருவி